தோள் ஏறுவதைக் காட்டும் மெஷின்

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். பீஸ் ரேட் வேலை, பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். ஏழு வருஷமாகத் தலைவலி. நெற்றியைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியது போல இருக்கும். பின்கழுத்தும் தோளும் கல் மாதிரி ஆகிவிடும். வாந்தி வராது. மாதத்தில் 20 நாளாவது இந்தப் பாடு. தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கழுத்து எம்.ஆர்.ஐ.யில் மட்டும் டிஸ்க் தேய்ந்து லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. பிசியோதெரபியில் கரண்ட் வைத்தார்கள். அந்த வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். தினமும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். இப்போது நரம்பு டாக்டர், சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் பயோஃபீட்பேக் பயிற்சிக்குப் பத்து தடவை போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். உடம்பு வலிக்கு மனசு வைத்தியம் எதற்கு? என் வலியை டாக்டர் நம்பவில்லையா? மெஷினில் ஷாக் வைப்பார்களா? "பைத்தியம் பார்க்கிற இடத்துக்கெல்லாம் போக வேண்டாம்" என்கிறார் வீட்டுக்காரர். பத்து நாள் லீவு போட்டால் பத்து நாள் கூலி போகும். போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போகலாம். ஷாக் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். பிசியோதெரபியில் உங்களுக்குக் கரண்ட் வைத்தார்களே, அதில்தான் மெஷினிலிருந்து உடம்புக்குள் மின்சாரம் போகும். பயோஃபீட்பேக் அதற்கு நேர்மாறு. தசை வேலை செய்யும்போது அதில் இயல்பாகவே மிகச் சிறிய மின்னோட்டம் எழும். மெஷின் அதை எடுத்து அளந்து காட்டும், திருப்பி எதையும் அனுப்பாது. இ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் வில்லை ஒட்டுவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம். கழற்றும்போது பிளாஸ்திரி பிய்க்கிற எரிச்சல் இருக்கும், அவ்வளவுதான்.

"டாக்டர் நம்பவில்லையா" என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். சைக்காலஜிஸ்டான என் அறைக்கு வருகிறவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு விதத்தில் இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்காதவர்கள் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டாவது தடவை வராமல் இருந்துவிடுவார்கள்.

1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலேயிருந்து குதித்தார். கீழே கிடந்த 15 சென்டிமீட்டர் ஆணி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆணி துளி அசைந்தாலும் உயிர் போகிற வலி. பலமான மயக்க மருந்து கொடுத்துத்தான் பூட்ஸைக் கழற்ற முடிந்தது. கழற்றிப் பார்த்தால் ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த ஆள் நடித்தாரா? இல்லை. அவருக்கு வலித்தது நிஜமான வலி. கண் பார்த்ததை வைத்து, "கால் போச்சு" என்று மூளை முடிவு கட்டியது, அதற்கேற்ற வலியைக் கொடுத்தது. வலி என்பது காயம் அனுப்புகிற தந்தி மட்டும் கிடையாது. காயத்திலிருந்து வரும் செய்தி, பழைய அனுபவம், பயம், தூக்கம், கவனம் எல்லாவற்றையும் சேர்த்து மூளை போடுகிற கணக்கு அது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965இலேயே, தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரியான ஏற்பாடு இருக்கிறது, வலிச் செய்தியை அது கூட்டவும் செய்யும் குறைக்கவும் செய்யும், மேலேயிருந்து மூளையும் அந்தக் கதவை இயக்கும் என்று எழுதினார்கள். அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்கள் பின்னால் மாறிவிட்டன, ஆனால் அடிப்படை நின்றுவிட்டது. இடித்துக்கொண்ட முழங்கையை யோசிக்காமலே தேய்த்துவிடுகிறோமே, அதுவும் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துகிற வேலைதான்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியை மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறோம். அங்கே இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிவிடும். ஒரு தடவை திருடன் வந்துபோன வீட்டு நாய் அப்புறம் முருங்கை இலை அசைந்தாலும் குரைக்கும் பாருங்கள், அது மாதிரி. நாய் பொய் சொல்லவில்லை. குரைப்புச் சத்தமும் நிஜம். ஆனால் ஒவ்வொரு தடவையும் டார்ச்சை எடுத்துக்கொண்டு திருடனைத் தேடினால் விடிய விடியத் தேட வேண்டியதுதான். உங்கள் டாக்டர் தேடவேண்டியதைத் தேடி முடித்துவிட்டு, இனி நாயைப் பழக்குவோம் என்கிறார். அதற்குத்தான் எங்களை மாதிரி ஆட்கள்.

அந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் உங்கள் மனசில் முள்ளாகத் தைத்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு எடுத்தது கழுத்து. அதற்குப் பக்கத்துச் சொந்தமான இடுப்பைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் இடுப்பு ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். வலியே இல்லாத 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. பாதிப் பேருக்குப் பிதுக்கமும் இருந்தது. நரை மாதிரி இது உள்ளே விழுகிற நரை. கழுத்தில் அப்படியே இதே எண்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கழுத்து ரிப்போர்ட்டையும் இதே நிதானத்தோடு படியுங்கள். கை மரத்துப்போவது, பிடி தளர்வது இல்லாதவரை, "லேசாகப் பிதுங்கியிருக்கிறது" என்ற வரியைப் பார்த்துக் கழுத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொள்வதுதான் அந்த வரி செய்யக்கூடிய பெரிய கெடுதல்.

நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் பார்த்தால் இதற்கு உங்கள் டாக்டர் வைத்திருக்கும் பெயர் டென்ஷன் தலைவலியாக இருக்கும். இந்தப் பெயர் வைத்த புண்ணியவான் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. கேட்டவுடனே வீட்டில், "நீ எதற்கெடுத்தாலும் டென்ஷன் ஆகிறாய், அதான்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அது உங்கள் குணத்துக்குக் கொடுத்த சர்டிபிகேட் இல்லை. இறுக்கிக் கட்டியது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இறுக்கத்தைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

சரி, அந்த அறையில் என்ன நடக்கும்?

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். எப்போது வலி ஆரம்பிக்கிறது, எந்தக் கிழமை அதிகம், தூக்கம், மாத்திரை, வீடு, வேலை. இரண்டாவது தடவையிலிருந்து உங்களைச் சாய்வான நாற்காலியில் உட்காரவைத்து நெற்றியிலோ தோள்பட்டைக்கு மேலிருக்கும் தசையிலோ வில்லைகளை ஒட்டுவார்கள். எதிரே திரை. அதில் ஒரு கோடு ஓடும், அல்லது ஒரு சத்தம் வரும். தசை இறுகினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். எண்கள் மைக்ரோவோல்ட் என்ற கணக்கில் இருக்கும். ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம் வரும். "நன்றாகத் தளர்த்திக்கொள்ளுங்கள்" என்பேன். "தளர்த்திட்டேன்" என்பார்கள். கோடு மேலேயே நிற்கும். பல வருஷமாக ஒரே மாதிரி குனிந்து வேலை செய்த தோளுக்குத் தளர்வு என்றால் என்ன என்றே மறந்துபோயிருக்கும். ஏறியிருக்கும் நிலையே அதற்கு இயல்பு நிலை ஆகிவிட்டது. அப்புறம் ஒரு பெருமூச்சு விடும்போதோ, தாடையைத் தொங்கவிடும்போதோ கோடு தானாக இறங்கும். "இப்ப என்ன செஞ்சேன்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் வைத்தியத்தின் ஆரம்பம். மெஷின் உங்களைக் குணப்படுத்தாது. கண்ணாடி தலை சீவிவிடுமா? எங்கே கலைந்திருக்கிறது என்று காட்டும், சீவுவது நீங்கள்தான். சில வாரத்தில் கோட்டைப் பார்க்காமலே தோள் ஏறிவிட்டது என்று உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் மெஷின் வேண்டாம். மாதக்கணக்கில் மெஷினிலேயே உட்காரவைக்கிற இடமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

சில இடங்களில் விரல் நுனியில் வெப்பத்தை அளக்கும் கம்பியும் மாட்டுவார்கள். உடம்பு உஷார் நிலையில் இருக்கும்போது கை, கால் விரல்களின் ரத்தக்குழாய் சுருங்கும், விரல் குளிரும். அமைதியானால் சூடாகும். இது தலைவலிக்கு வந்தது தற்செயலாக. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து மெனிங்கர் மருத்துவ நிறுவனத்தில் எல்மர் கிரீன் குழுவினர் வேறு ஏதோ பரிசோதனையில் ஒரு பெண்ணுக்கு விரலைச் சூடாக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒற்றைத் தலைவலி வந்திருந்த நேரம். இரண்டே நிமிஷத்தில் கை வெப்பம் 10 டிகிரி பாரன்ஹீட் ஏறியது, தலைவலியும் விலகியது. அங்கிருந்துதான் கை சூடாக்கும் பயிற்சி ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் போனது. (1970இல் நம் ஊரிலிருந்து போன சுவாமி ராமா என்ற யோகி ஒரே உள்ளங்கையில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் ஆக்கிக் காட்டியதும் இதே இடத்தில்தான். உங்களிடம் யாரும் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.) உங்களுடையது மாதிரியான தலைவலிக்குத் தசைப் பயிற்சிதான் முதன்மை. நெற்றித் தசையை வைத்து அதைத் தொடங்கியவர்கள் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த தாமஸ் புட்ஜின்ஸ்கியும் யோஹன் ஸ்டாய்வாவும், அதுவும் அதே காலகட்டம்தான்.

பலன் உண்டா என்றால், தலைவலிக்கு உண்டு. டென்ஷன் தலைவலியில் பயோஃபீட்பேக் பற்றிய 53 ஆய்வுகளை ஜெர்மனியில் ஒரு குழு 2008இல் தொகுத்துப் பார்த்தது. பலன் நடுத்தரத்துக்கு மேலேயே இருந்தது, சராசரியாக 15 மாதம் கழித்துப் பார்த்தபோதும் நிலைத்திருந்தது. ஆனால் எல்லா வலிக்கும் இப்படி என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பு, காரணம் பிடிபடாத நாள்பட்ட உடல்வலிக்குப் பயோஃபீட்பேக் தர வேண்டாம் என்றே 2021இல் எழுதிவிட்டது. உடற்பயிற்சியையும் மனநலப் பேச்சு சிகிச்சைகளையும்தான் அங்கே முன்னே வைத்தார்கள். உங்களுக்கு இடுப்புவலி மட்டும் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், என் பதில் இவ்வளவு உற்சாகமாக இருந்திருக்காது.

இன்னொரு விஷயம். எங்கள் துறைக்காரர்களே கொஞ்சம் நெளிகிற ஆராய்ச்சி அது. கென்னத் ஹோல்ராய்ட் என்பவரும் கூட்டாளிகளும் 1984இல் டென்ஷன் தலைவலி இருந்த கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நெற்றித் தசையைத் தளர்த்தப் பழக்கினார்கள். மீதிப் பேரை, அவர்களுக்கே தெரியாமல், தசையை இறுக்கப் பழக்கினார்கள். அதோடு, தசை நிஜமாக என்ன செய்தாலும் சரி, சிலருக்குத் திரையில் "பிரமாதமாகச் செய்கிறீர்கள்" என்று காட்டினார்கள், சிலருக்குச் "சுமார்" என்று காட்டினார்கள். முடிவு? இறுக்கியவர்களா தளர்த்தியவர்களா என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. பிரமாதம் என்று காட்டப்பட்டவர்களுக்குத் தலைவலி 53 சதவீதம் குறைந்தது, சுமார் என்று காட்டப்பட்டவர்களுக்கு 26 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு "அப்ப எல்லாம் ஏமாற்று வேலைதானா" என்று கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஏழு வருஷமாக இந்த வலி வந்தால் வருகிறது, போனால் போகிறது, என் கையில் ஒன்றும் இல்லை என்று இருந்த ஒருவருக்கு, முதன்முதலாகத் தன் உடம்பில் ஒரு கோட்டைத் தானே இறக்க முடிந்தது. அந்த நம்பிக்கை வந்த ஆள் அடுத்த நாள் வேலையிடத்தில் வேறு மாதிரி உட்காருகிறார், வலி லேசாகத் தொடங்கும்போதே கவனிக்கிறார், பதறுவதில்லை. பலனில் பெரிய பங்கு அங்கேயிருந்து வருகிறது என்பது என் கருத்து. அதனால்தான் மெஷினை மட்டும் மாட்டிவிட்டு வெளியே போய்விடுகிற இடத்தைவிட, கூட உட்கார்ந்து பேசுகிற சைக்காலஜிஸ்ட் தேவை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பேச்சில் என்ன வைத்தியம் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். உதாரணம் சொல்கிறேன். காலையில் எழும்போதே நெற்றியில் லேசாக ஒரு பிடிப்பு. உடனே மனசு ஓடுகிறது: இன்னைக்கும் வந்துடுச்சு, ஒன்றரை ஷிப்ட் ஓட்ட முடியாது, டார்கெட் போச்சு, சனிக்கிழமை சம்பளத்தில் பிடிப்பு விழும், இப்படியே போனால் வேலையே போகும். பல் துலக்கி முடிப்பதற்குள் ஒரு வருஷத்து நஷ்டத்தைக் கணக்குப் போட்டாயிற்று, தோள் காது வரைக்கும் ஏறியாயிற்று. அந்த ஓட்டத்தை எழுதிப் பார்த்து, எது நடந்தது, எது பயம் என்று பிரிக்கப் பழக்குவதுதான் நாங்கள் செய்கிற வேலையில் ஒன்று. எண்ணத்தை மாற்றுவது மட்டும் இல்லை. வலி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வாரத்துத் துணி, வீடு ஒட்டடை, மாவாட்டுவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுத் திங்கள், செவ்வாய் படுத்துவிடுவது என்று ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் இருக்கலாம். வலியைப் பார்த்து வேலையை நிறுத்தாமல், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது என்று அதை மாற்றுவோம். அமெரிக்காவின் சியாட்டிலில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த முறை இது. சொல்ல எளிது, செய்வதற்குத்தான் கை வராது. வீட்டு வேலை தெரிந்த எந்தப் பெண்ணிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்படுத்திய வரிக்கு வருகிறேன். பயோஃபீட்பேக்கை விட அவசரமானது அது. தினமும் ஒரு செட் மாத்திரை. மெடிக்கல் ஷாப் செட்டில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தலைவலிக்கு வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சாதாரண பாராசிட்டமால் மாதிரியானவை என்றால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் இது வரலாம். மாத்திரை இறங்கியதும் தலை வலிக்கும், வலிக்கிறதே என்று மறுபடி போடுவோம். அந்தச் செட்டை மாற்றாமல் பத்து தடவை மெஷினில் உட்கார்ந்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துகிற முதல் சில நாளில் வலி கூடும், செட்டில் இருக்கும் சில மருந்துகளைத் திடீரென நிறுத்தவும் கூடாது. மிச்சமிருக்கும் மாத்திரைகளை அப்படியே காகிதக் கவரோடு எடுத்துக்கொண்டு போய் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். எப்படிக் குறைப்பது, இடையில் என்ன போடுவது என்று அவர் சொல்வார்.

கூலிப் பிரச்சினைக்கு. ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம்தான் ஆகும், ஆனால் போய் வர அரை நாள் ஓடிவிடும் என்று எனக்குத் தெரியும். உங்கள் நிலைமையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாரம் ஒன்று என்றில்லாமல், முதலில் நாலு தடவை, அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, நடுவில் வீட்டுப் பயிற்சி என்று மாற்றி அமைக்கலாம். தலைவலிக்கு அப்படிச் சுருக்கிச் செய்வது புதிது ஒன்றும் இல்லை. கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், பாதியில் நிறுத்தும்படி ஆகக் கூடாது.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். மெஷின் இல்லாமலே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி. தோளைக் காதை நோக்கி மெல்லத் தூக்குங்கள், முழுப் பலத்தோடு வேண்டாம். ஐந்து எண்ணும் வரை வைத்திருங்கள். பட்டென்று விடுங்கள். விட்ட பிறகு தோளில் என்ன தெரிகிறது என்று இருபது எண்ணும் வரை கவனியுங்கள். அந்தக் கவனிப்புதான் முக்கியம், தூக்குவது அதற்கு ஒரு சாக்கு. இதே மாதிரி கை முஷ்டி, நெற்றி, தாடை. ராத்திரி படுக்குமுன் பத்து நிமிஷம். வேலையிடத்தில் பத்து நிமிஷம் கிடைக்காது, சூப்பர்வைசர் விட மாட்டார். அங்கே ஒரே ஒரு வேலை: ஒரு பண்டில் முடிந்து அடுத்த பண்டிலை எடுக்கும்போதெல்லாம் தோளை ஒருமுறை இறக்கி, பல் கடித்துக்கொண்டிருக்கிறேனா என்று பார்த்து, ஒரு மூச்சை மெதுவாக விடுங்கள். மூன்று விநாடிதான் ஆகும், பீஸ் குறையாது. பண்டில் மாறுவது எப்படியும் நடக்கிற காரியம், அதனால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை.

இதற்கிடையில் வழக்கமான வலி மாதிரி இல்லாமல் தலை வெடிப்பது போலத் திடீரென வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கை கால் பலவீனமோ பேச்சுக் குளறலோ பார்வைக் கோளாறோ வந்தால், தலையில் அடிபட்ட பிறகு வலி மாறினால், பயிற்சி கியிற்சி எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டுக்காரரை ஒரு தடவை கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் தோளிலும் வில்லையை ஒட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தன் கோடு எங்கே நிற்கிறது என்று அவரே பார்த்துவிட்டால், "பைத்தியம் பார்க்கிற இடம்" என்ற பேச்சை வீட்டில் நீங்கள் தனியாக எடுக்க வேண்டி இருக்காது.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: தேதி, வலி ஆரம்பித்த நேரம், பத்துக்கு எத்தனை, அன்றைக்கு எத்தனை ஷிப்ட், எத்தனை மாத்திரை, முந்தின ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம். கூடவே நீங்கள் உட்காரும் சேரின் உயரத்தையும் மெஷின் டேபிளின் உயரத்தையும் இன்ச் டேப் வைத்து அளந்து முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டேப் எப்படியும் உங்கள் கழுத்திலேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.